நின்றுகொண்டிருந்தவள்

ஆத்தூர் சாலையில் அயோத்தியாப்பட்டணத்தை நெருங்கும்போதே சரிதா காரின் கண்ணாடியை ஏற்றிவிடுவாள். ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த மாவு வாடை அந்தப் பக்கத்துக் காற்றில் எப்போதும் இருக்கும். அன்று காலையும் ஏற்றினாள். வாடை எப்படியோ உள்ளே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. மருத்துவமனையின் பின்வாசலில் வண்டியை நிறுத்தி, வேப்பமர நிழலில் காத்துக் கிடந்த உறவுக்காரர்களைக் கடந்து, யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் படியேறினாள். முகத்தைப் பார்த்தால் கேள்வி வரும். நரம்பியல் மருத்துவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். கண் முழிப்பாங்களா?

ஐ.சி.யூவுக்குள் காலை, மதியம் என்று எதுவும் கிடையாது. ஒரே வெள்ளை வெளிச்சம், ஸ்பிரிட் வாடை, கட்டிலுக்குக் கட்டில் எந்திரங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் சத்தம். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த கட்டிலை நோக்கி நடந்தாள். உள்ளே ஒரு பெண் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"அந்தக் கருப்புக் கோழி இன்னும் அடைக்கு உக்காரலை சாமி."

கொஞ்சம் நிறுத்தம்.

"ஆமா, ஆமா."

மறுபடி நிறுத்தம். இந்த முறை நீண்டது.

"அதெல்லாம் மாமன் வந்து தண்ணி பாய்ச்சிட்டாரு. நீ எதுக்கு அதப் பத்தியெல்லாம் ரோசன பண்ணற?" பிறகு அந்தப் பெண் மெல்லச் சிரித்தாள். பிள்ளையின் குறும்புக்குச் சிரிக்கிற சிரிப்பு.

சரிதா தடுப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். நினைவில்லாமல் கிடப்பவர்களிடம் வீட்டார் பேசுவதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒரே மூச்சில் பேசுவார்கள், பாதியில் உடைந்து அழுவார்கள், பேச ஒன்றுமில்லாமல் கையைத் தடவிக்கொண்டு இருப்பார்கள். இப்படி இடம்விட்டு இடம்விட்டு யாரும் பேசிக் கேட்டதில்லை. தொலைபேசியில் பேசுகிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

உள்ளே இருந்த அந்தப் பெண், சௌந்திரம், கையில் போன் வைத்திருக்கவில்லை.

"வாங்க டாக்டரம்மா," என்று எழுந்தாள் சௌந்திரம். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவள். கணவன் இல்லை. ஒரே மகள் தனப்பிரியா, நாமக்கல்லில் கோழித் தீவன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது, வெள்ளைக்கோடு போடாத புது வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலைக்குள் மட்டும் எல்லாம் முடிந்திருந்தது.

முந்தாநாள் ஸ்கேனைப் பார்த்தபோதே சரிதாவுக்கு அது தெரியும். ஆனால் இந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு எதிரே நின்றபோது, எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள். "பக்கத்துல உக்காந்து பேசுங்கம்மா. அவளுக்குக் கேக்கும்." அது பொய் என்று அவள் நினைத்ததில்லை. உண்மை என்றும் நினைத்ததில்லை. செய்ய ஒன்றுமில்லாத கைகளுக்கு ஒரு வேலை கொடுப்பது, அவ்வளவுதான். அப்படிக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, தான் நல்லவள் என்ற மெல்லிய உணர்வு ஒன்று அவளுக்குள் வரும். அந்த உணர்வின்மேல் அவளுக்குச் சில நாட்களாகச் சந்தேகம்.

"கொஞ்சம் வெளியில இருங்கம்மா, பாத்துடறேன்."

சௌந்திரம் மகளின் நெற்றியைத் தொடவில்லை, கட்டிலைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. சுவரை ஒட்டிய வெற்றிடத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

சரிதா கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கண்பாப்பா சுருங்கவில்லை. பஞ்சுத் திரியால் கருவிழியைத் தொட்டாள். இமை அசையவில்லை. காதில் குளிர்ந்த நீர் விட்டுப் பார்த்தாள், தொண்டைக்குள் குழாயை நகர்த்திப் பார்த்தாள். எதற்கும் எதுவும் திரும்பி வரவில்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது எந்திரம் கொடுக்கும் மூச்சு.

பிரிவின் தலைமை மருத்துவர் முருகானந்தம் தன் அறையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மூலைக்கட்டில் பொண்ணு. இன்னைக்கே டெஸ்ட் ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிச்சு?"

"மூளைச்சாவுன்னா அதைச் சொல்லணும் சார். வயசு இருபத்து மூணு. மத்த உறுப்பெல்லாம் நல்லா இருக்கு. சொன்னாதான் வீட்ல கேக்கவே முடியும்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, களைத்த சிரிப்பு. "போன வருஷம் இப்படிச் சொன்னதுக்குத்தான் முன்வாசல் கண்ணாடியை உடைச்சாங்க, அப்ப நீ இங்க இல்ல. அந்தப் பொண்ணோட தாய்மாமன் சென்னிமலைன்னு ஒருத்தர், காலையிலேர்ந்து ஆம்புலன்ஸ் கேட்டு நிக்கறார். கையால மூச்சுப்பையைப் பம்ப் பண்ணிக்கிட்டே ஊருக்குக் கொண்டுபோய், ஊட்டு வாசல்ல வெச்சுக் கழட்டணுமாம். மூச்சு அங்க நின்னாதான் ஊருக்குள்ள எடுப்பாங்களாம். வெளியில செத்த உடம்பை எல்லையில நிறுத்தி, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிடுவாங்களாம். அனுப்பிட்டா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"செத்துப்போன பிள்ளைக்கு வழி நெடுகப் பம்ப் அடிக்கறது நிம்மதியா சார்?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். டீயில் ஆடை படர்ந்தது.

மூளைத்தண்டு செத்துவிட்டது என்று சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சோதித்துச் சொல்லவேண்டும். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. அதற்குப் பிறகுதான் தானம் பற்றிய பேச்சே வரும். ஆனால் யாராவது ஒருவர் ஆரம்பித்து வைக்கவேண்டும். கட்டிலருகே நிற்கும் மருத்துவர் 'சோதிப்போம்' என்று வாய் திறக்காதவரை எதுவும் நகராது. பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. 'பார்க்கலாம்' என்பார்கள். 'நாளைக்குச் சொல்கிறோம்' என்பார்கள். அந்த நாளைக்குள் ரத்த அழுத்தம் சரிந்து, இதயமும் நின்று, கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போய்விடும். இதில் யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. தனக்கும்தான் என்று சரிதா நினைத்துக்கொண்டாள்.

"நானே ஆரம்பிக்கறேன் சார். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

முருகானந்தம் டீயைக் குடிக்காமலே எழுந்தார். மற்ற இருவரையும் போனில் கூப்பிட்டார்.

கடைசிச் சோதனை மூச்சுக்கானது. எந்திரத்தைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாயில் பிராணவாயுவை மட்டும் விட்டுக்கொண்டு, மார்பைப் பார்த்தபடி நிற்கவேண்டும். உடம்பில் கரியமிலவாயு ஏற ஏற, உயிருள்ள மூளைத்தண்டு பொறுக்காது. எப்படியாவது ஒரு மூச்சை இழுத்துவிடும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் காத்திருப்பது.

சௌந்திரத்தை வெளியே அனுப்பினார்கள். மற்ற மூவரும் கட்டிலின் அந்தப் பக்கம் மானிட்டரைப் பார்த்து நின்றார்கள். சரிதா தலைமாட்டில், சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். எந்திரத்தைக் கழற்றியதும் முதலில் வந்தது அமைதி. அதுவரை அறையை நிரப்பிக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றபிறகுதான், அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது.

மார்பு அசையவில்லை.

கழுத்தோரம் பூனைமுடி. காதில் சின்ன வெள்ளிக்கல் தோடு, கழற்ற வராமல் பிளாஸ்திரி ஒட்டி விட்டிருந்தார்கள். சரிதாவுக்கு என்ன தோன்றியதோ, குனிந்தாள். தன் காதுக்கே எட்டாத குரலில் அந்தக் காதில் சொன்னாள்.

"தனா. ஒரே ஒரு மூச்சு எடும்மா. ஒண்ணே ஒண்ணு."

மருத்துவர் பேசக்கூடிய பேச்சு இல்லை அது. நிமிர்ந்தபோது வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

உடைத்த மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாசனை. ஸ்பிரிட் வாடை நிரம்பிய அந்த அறையில் அதற்கு வழியே இல்லை. முதலில் லேசாக, பிறகு யாரோ வேலைத்துணியோடு நெருங்கி வந்து நிற்பதுபோல் கனமாக.

பின்னால், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

தயங்கித் தயங்கி, அழுது முடித்த குழந்தை இழுப்பதுபோல் ஒரே ஒரு மூச்சு.

சரிதா கட்டிலைப் பார்த்தாள். மார்பு அசையவில்லை. வயிறு அசையவில்லை.

திரும்பினாள்.

சுவர் இருந்தது. சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேறு யாருமில்லை.

"மூச்சு இல்ல," என்றார் முருகானந்தம் அந்தப் பக்கத்திலிருந்து. "ரத்தம் எடுத்தாச்சு. மாட்டிடலாம்." எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. சரிதாவின் பிடரி முடி வெகுநேரம் படியவில்லை.

சௌந்திரம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த பிறகு, அவளையும் அண்ணனையும் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். சென்னிமலை உட்காரவில்லை. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஆம்புலன்ஸ்காரன் கொடுத்த சீட்டு.

சரிதா சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, தனாவோட மூளை செத்துப்போச்சு. தானா ஒரு மூச்சுகூட அவளால எடுக்க முடியலை. சாயங்காலம் இன்னொரு தடவை பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, அவ இறந்துட்டான்னு அர்த்தம். மயக்கம் இல்லம்மா. இனிமே முழிக்கறது இல்ல."

"ஏனுங்க டாக்டரு," என்றார் சென்னிமலை. "நெஞ்சு அடிக்குது. டிவிப் பொட்டியில கோடு ஓடுது. கையத் தொட்டாச் சூடு. செத்த பொணம் சூடா இருக்குமுங்களா? எங்க தோட்டத்து ஆளுகிட்ட சொல்லுங்க, அவனே சிரிப்பான்."

"எந்திரம் காத்து கொடுக்குதுங்க. காத்து இருக்கறவரைக்கும் இதயம் கொஞ்ச நாள் ஓடும். மூளை போனா—"

"நீங்கதான பேசச் சொன்னீங்க? காது கேக்கும்னு சொன்னது நீங்கதான? ரெண்டு நாளா என் தங்கச்சி சோறு தண்ணியில்லாமப் பேசிட்டுக் கெடக்கறா. இப்ப வந்து செத்துட்டாங்கறீங்க."

சொன்னது அவள்தான்.

சௌந்திரம் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் பேசினது யாருகிட்டங்க?" என்றாள்.

"அம்மா..."

"இல்லீங்க, கேக்கறேன். அவ பதில் சொன்னாளுங்களே."

சென்னிமலை மேசையைத் தட்டினார். "கேட்டுக்கிட்டீங்களா! உசுரு இருக்குது. ஆம்புலன்ஸ் வரட்டும், நாங்க போறோம்."

முருகானந்தம் சரிதாவைப் பார்த்தார். விட்டுவிடு என்றது அந்தப் பார்வை. அவள் சரியென்று தலையசைத்தால் போதும், வண்டி ஒரு மணி நேரத்தில் ஆத்தூர் சாலையில் இருக்கும். ஆனால் தன் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்த மூச்சு அவளுக்குள் இன்னும் அடங்கவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"எங்கிருந்தும்மா பதில் சொன்னா?"

"கட்டல்ல இருந்து இல்லீங்க." சௌந்திரத்தின் குரல் தணிந்தது. "அதுல அவ இல்ல. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. பின்னாடி, செவுத்தோரமா நின்னுட்டுப் பேசறா. நான் திரும்பவே இல்லீங்க. கொள்ளி வெச்சவன் திரும்பிப் பாக்கப்படாதும்பாங்கள்ல, அந்த மாதிரி பயம். திரும்பினாப் போயிருவாளோன்னு. ஒரு தடவ வெளிய போகச்சே மட்டும் ஓரக்கண்ணால பாத்துத் தலையாட்டினேன். ஒண்ணும் தெரியல. ஆனா அவமேல அடிக்கற வாசம் எனக்குத் தெரியாதுங்களா? வேல உட்டு வந்தா ஊடு பூராவும் சோளமும் கருவாடுமா நாறும்."

சரிதாவின் கை அவளறியாமல் பிடரிக்குப் போனது.

"இப்பப் போனப்பக் கேட்டேன். டாக்டரெல்லாம் என்ன சாமி பண்ணினாங்கன்னு. 'அந்த டாக்டரக்கா எங்காதுல வந்து, ஒரே ஒரு மூச்சு எடும்மான்னு கெஞ்சுச்சும்மா. பாவம்மா அது. நானும் முக்கி முக்கிப் பாத்தேன், முடியலன்னு சொல்லிரு'ன்னா."

அது சரிதாவின் காதுக்கே எட்டாமல் சொன்னது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சரிதா?" என்றார் முருகானந்தம்.

"ஒண்ணுமில்ல சார்."

சௌந்திரம் இப்போது அவரைப் பார்த்துப் பேசினாள். கோபமில்லாத குரல். "நின்னு நின்னு காலு நோவுதுங்கறா. உக்காரு சாமின்னா, மாட்டேங்கறா. 'இத்தன டாக்டருங்க வந்து பாத்துட்டுப் போறாங்க, எல்லாருக்கும் தெரியுது, ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. யாராச்சும் சொல்லிட்டா உக்காந்துக்குவேன்'ங்கறா."

முருகானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. முப்பது வருடமாகப் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிய எத்தனை பேர் அவர் முன்னால் அப்போது வந்து நின்றார்களோ, சரிதாவுக்குத் தெரியாது. அவர் எழுந்து சென்னிமலையிடம் போனார்.

"ஐயா, இந்தம்மா கூட்டிட்டுப் போகணும்னு சொன்னா, நானே வண்டி ஏத்தி விடறேன். நீங்க சொன்னா இல்ல."

"சௌந்திரம்! நீ சொல்லு."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுங்ணா."

"ஊருக்குள்ள எடுக்க மாட்டாங்க புள்ள! எல்லையில வெச்சு நாய் மாதிரி—"

"நீங்க ஊருல பெரிய மனுசன்தான? எல்லா எழவுலயும் முன்னால நின்னு நாயம் பேசறீங்கள்ல? எம்புள்ளைக்கும் போயிப் பேசுங்க."

சென்னிமலை சட்டைப் பைச் சீட்டைத் தடவியபடி வெளியே போனார்.

அன்று முழுக்க முருகானந்தம் அந்தக் கட்டிலைவிட்டு அசையவில்லை. மதியத்துக்கு மேல் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது. மருந்தைக் கூட்டினார், குறைத்தார், உப்புச் சத்து பார்த்தார், உடம்பு குளிராமல் வெதுவெதுப்பான காற்று ஓடும் போர்வை போட்டார். உயிருள்ள நோயாளிக்குக்கூட அவர் இப்படி மல்லுக்கட்டிச் சரிதா பார்த்ததில்லை. "விட்டுட்டோம்னா எல்லாம் வீணாப்போயிடும்," என்று யாரிடமோ முனகிக்கொண்டார். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும்படி செவிலியர் சொன்னபோது, அவர் அதைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே சாப்பிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டாவது சோதனை. அதே நால்வர். அதே இடம். எந்திரத்தைக் கழற்றினார்கள். அமைதி வந்தது.

அதன் பின்னாலேயே வாசனை வந்தது.

இந்த முறை சரிதா திரும்பவில்லை. கண்ணை மார்பிலேயே வைத்திருந்தாள். மனம் மட்டும் முதுகுக்குப் போய்விட்டது. பிடரியில் ஒரு குளிர் படிந்து, மெல்ல இடது காதுவரை நகர்ந்தது. யாரோ அவள் தோளுக்கு மேலாக எட்டி, தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பயம் இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக ஒரு துக்கம் இருந்தது. இரண்டு நாள். இரண்டு நாளாக இந்தப் பெண் இங்கே நின்றிருக்கிறாள். நான் வந்து வந்து போயிருக்கிறேன்.

"சொல்லட்டுமா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

காதருகே குளிர் மட்டும் நடுங்கியது.

மார்பு அசையவில்லை. வயிறு அசையவில்லை. முருகானந்தம் தலையாட்டிவிட்டு எந்திரத்தை மறுபடி மாட்டினார்.

சரிதா சத்தமாகச் சொன்னாள். நால்வருக்கும் கேட்கும்படி, நால்வரையும் தாண்டிக் கேட்கும்படி. "தனப்பிரியா இறந்துவிட்டாள்."

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சென்றது.

நாள் முழுக்க நின்றவர்கள் கடைசியில் தொப்பென்று உட்காரும்போது எழும் சத்தம். நால்வரும் அதைப் பார்த்தார்கள். காலியான நாற்காலியின் கால்கள் தரையில் ஒரு விரற்கடை பின்னுக்கு நகர்ந்திருந்தன.

"ஏசி காத்து," என்றார் ஒருவர். அறையில் இருந்த யாரும் அதை நம்பவில்லை, மறுக்கவுமில்லை.

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் காளிதாஸ் வந்து, சௌந்திரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, எதை எல்லாம் கொடுக்கலாம், யாருக்கெல்லாம் போகும் என்று சொன்னான். வேண்டாம் என்றாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்றான். சௌந்திரம் முழுவதையும் கேட்டாள்.

"அவகிட்டக் கேட்டுட்டு வாரேன்," என்று எழுந்து உள்ளே போனாள்.

காளிதாஸ் குழம்பிப்போய்ச் சரிதாவைப் பார்த்தான். சரிதா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். சௌந்திரம் கட்டிலின் பக்கம் போகவில்லை. அந்த நாற்காலியின் காலடியில், அதற்கு முதுகைக் காட்டி, தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைக்குத் தலை பின்ன உட்காரும் தோரணைதான், ஆனால் இடம் மாறி, அம்மா கீழேயும் மகள் மேலேயுமாக. உதடுகள் அசைந்தன, நின்றன, அசைந்தன. ஒரு கட்டத்தில் அவள் தலைமுடி நெற்றியிலிருந்து மெல்ல ஒதுங்கி, காதுக்குப் பின்னால் போய்ப் படிந்தது.

சௌந்திரத்தின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

வெளியே வந்தவளின் முகம் நனைந்திருந்தது. "எடுத்துக்கட்டும்ங்கறா. 'எனக்கு எதுக்கும்மா இனி, மண்ணுக்குள்ள புழுவுக்குத் தீவனமா'ன்னு கேக்கறா, அந்த வாய்த்துடுக்கு போகலீங்க அவளுக்கு. நீ அழுவாதேன்னா. அது மட்டும் என்னால ஆவாதுன்னுட்டேன்."

விடியும் முன்பே கல்லீரலும் சிறுநீரகங்களும் இதயமும் வெவ்வேறு சாலைகளில் போயின. அதற்கு முன் அறுவை அரங்குக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, வழியில் இருபுறமும் ஊழியர்கள் தலைகுனிந்து நின்றார்கள். முருகானந்தம் கடைசியில் நின்று, கைகூப்பினார். மறுநாள் அரசு மரியாதைக்கு அதிகாரிகள் மலர்வளையத்தோடு ஊருக்கே வந்துவிட்டதால், எல்லையில் நிறுத்தவேண்டும் என்ற பேச்சு எடுபடவில்லை. சென்னிமலை முன்னால் நின்று வழிவிடச் சொன்னாராம். ஊட்டு வாசலில் கிடத்தி, மஞ்சள் நீராட்டி, முறையெல்லாம் செய்துதான் எடுத்தார்களாம்.

இதையெல்லாம் சௌந்திரமே போனில் சொன்னாள், காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம். சரிதா ஐ.சி.யூவில் இருந்தாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா? சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறனுங்க." சௌந்திரம் குரலைத் தணித்தாள். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணும். வைய மாட்டீங்கள்ல?"

"சொல்லுங்க."

"அவ ஊட்டுக்கு வரலீங்க."

சரிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தோட்டத்துச் சாளையில பேசிப் பாத்தேன். கெணத்தடியில பேசிப் பாத்தேன். ராவெல்லாம் செவுத்துக்கு முதுவக் காட்டி உக்காந்து பேசறேன். சத்தமே இல்லீங்க. ஒரு வாசம்கூட இல்ல. ஒடம்பு மட்டுந்தான் வந்துது." குரல் உடைந்தது. "அங்கயே இருக்காளான்னு பாருங்க சாமி. வழி தெரியாம நிக்கறாளோ என்னமோ. ஆம்புலன்ஸ்ல வந்த புள்ளதான, ரோடு எங்க பாத்தா அவ?"

இல்லம்மா, அவள் போய்விட்டாள், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்லத்தான் வேண்டும். சரிதாவின் நாக்கில் அது தயாராக இருந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ இதமான சொற்களைச் சொன்ன நாக்கு. வாயைத் திறக்காமல் மூலைக்கு நடந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைக் கழுவி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். நாற்காலியை யாரோ வேறு கட்டிலுக்கு எடுத்துப்போயிருந்தார்கள். வெறும் சுவர், வெறும் தரை, மேல் விளக்கின் வெள்ளை வெளிச்சம்.

"அம்மா, நான் அந்த இடத்துல நிக்கறேன். யாரும் தெரியலை."

"எனக்கும் தெரிஞ்சதில்லீங்களே. போனை அவ நிக்கற பக்கமா நீட்டிப் பிடிங்க. நான் கூப்பிட்டுப் பாக்கறேன்."

சரிதா சத்தத்தைக் கூட்டி, கையை நீட்டினாள். ஒரு பெண்ணின் காது இருக்கக்கூடிய உயரத்தில், சுவரோரக் காற்றுக்கு நேராகப் போனைப் பிடித்தாள். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. கையை மடக்கத் தோன்றவில்லை.

"தனா," என்றது போன். "தனா, அம்மா பேசறேன் சாமி."

ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு மானிட்டர் ஒலித்து அடங்கியது.

"தனா..."

பிறகு போனுக்குள் ஒரு கேவல். அதைத் தொடர்ந்து, மழைக்கு ஏங்கிய தோட்டத்துக்காரி மழையைக் கேட்டதுபோல் ஒரு சிரிப்பு. "ஏஞ்சாமி! அங்கயா இருக்கற?"

நிறுத்தம்.

"ஆமா, எல்லாம் நல்லபடியா ஆச்சு. மாமன்தான் முன்னால நின்னாரு."

நிறுத்தம். சரிதாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. காது வலிக்கக் கூர்ந்து கேட்டாள், எதுவும் இல்லை.

"வரமாட்டியா? ஏன் சாமி?"

நீண்ட, மிக நீண்ட நிறுத்தம். அதற்குள் சௌந்திரம் அழுவதும், அழுகையை விழுங்குவதும் கேட்டன.

"அப்படியா... இன்னும் அத்தன பேரா நிக்கறாங்க அங்க? டாக்டருங்க யாரும் சொல்லாமயேவா? சரி. சரி சாமி. அவிங்க கூட இரு. நான் அப்பப்பக் கூப்பிடறேன்."

சரிதாவின் தோள் வலித்தது. ஐ.சி.யூவின் மற்றக் கட்டில்களை, அவற்றின் தலைமாட்டுச் சுவர்களை, நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையை இறக்கிவிடலாம் என்று நினைத்த நேரம், போனின் பாரம் குறைந்தது. மறுபக்கம் யாரோ பிடித்துக்கொண்டதுபோல் முற்றாகக் குறைந்தது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

போன் விழவில்லை.